அமெரிக்கக் குடியரசோட ஆரம்ப கால ராணுவ அதிகாரி எழுதுன அரசாங்கக் கடிதங்கள எப்படித் தேடுறது, எப்படிப் படிக்கிறது: முழுமையான வழிகாட்டி

1790கள்ல ஓஹையோ காட்டுக்குள்ள கூடாரம் போட்டு உக்காந்திருந்த ஒரு ஜெனரல் தன்னோட மேலிடத்துக்கு எழுதுன கடிதத்த இன்னிக்கு நம்ம போன்லயே திறந்து பாக்கலாம், காசு ஒண்ணும் கிடையாது. ஆனா முதல் தடவ திறக்குறவங்க நிறைய பேர் ரெண்டு நிமிஷத்துல மூடிடுவாங்க, ஏன்னா பழுப்பு மசி, சாஞ்ச கையெழுத்து, பாதி வார்த்தைக்கு சுருக்கம், நாலு வரிக்கு முற்றுப்புள்ளியே இல்லாத வாக்கியம், எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியாது. அதுக்குத்தான் இத எழுதுறேன். ஒரே ஒரு ஆள எடுத்துக்கிட்டுப் போவோம்: மேஜர் ஜெனரல் ஆன்டனி வெயின், அவர் 1792ல இருந்து 1796 வரைக்கும் யுத்த செயலாளருக்கு, அதாவது ராணுவத்துறை மந்திரிக்கு, எழுதுன கடிதங்கள், அவருக்கு வந்த பதில்கள். இத ஒழுங்கா படிக்கக் கத்துக்கிட்டா அந்தக் காலத்து வேற எந்த அதிகாரியோட கட்டையும் பிரிச்சுப் படிச்சிடலாம்.

படிகளுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதுதான் துணைக்கு வரும். எந்தக் கடிதத்த எடுத்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "இதுல என்ன எழுதியிருக்கு"ன்றது இல்ல. "இத எழுதுன அன்னிக்கு இந்த மனுஷனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது"ன்றதுதான். அது தெரியாம படிச்சா தைரியம் திமிரா தெரியும், பயம் புத்திசாலித்தனமா தெரியும், எல்லாம் தலைகீழா போயிடும்.

படி 1: ஆள் யாரு, ஆபீஸ் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கோங்க

சுதந்திரப் போர் முடிஞ்ச கையோட அமெரிக்கா தன்னோட ராணுவத்த கிட்டத்தட்ட கலைச்சே போட்டுடுச்சு. 1784 ஜூன் மாசம் காங்கிரஸ் போட்ட தீர்மானப்படி மிச்சம் வச்சது 80 பேர், ஃபோர்ட் பிட்ல 25, வெஸ்ட் பாயின்ட்ல 55, அவ்வளவுதான், அதுவும் ஸ்டோர்ல இருக்குற பொருளக் காவல் காக்க. அப்புறம் எல்லைக்குன்னு ஒரு சின்ன ரெஜிமென்ட் சேர்த்தாங்க. புது அரசியல் சட்டம் வந்த பிறகு 1789 ஆகஸ்ட் 7ல யுத்தத் துறை அமைஞ்சது, ஹென்றி நாக்ஸ் செயலாளர். துறைன்னதும் பெரிய கட்டடம், நூறு மேசைன்னு நினைக்காதீங்க. ஒரு செயலாளர், அவருக்குக் கீழ விரல் விட்டு எண்ணுற அளவு கிளார்க்குகள். ஒவ்வொரு கடிதமும் கையால எழுதி, கையால நகல் எடுத்து, கையால மடிச்சு போகணும்.

1790ல ஓஹையோ பக்கத்துப் பூர்வகுடி மக்கள்கிட்ட ஜெனரல் ஹார்மர் தோத்தார். 1791 நவம்பர் 4ல அடுத்த ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேரோட படை இப்போ ஃபோர்ட் ரெகவரின்னு சொல்ற இடத்துல காலைல தாக்கப்பட்டு 600 பேருக்கு மேல செத்தாங்க. தாக்குனது மயாமி, ஷானி, டெலவேர்னு பல இனத்து மக்கள் சேர்ந்த கூட்டணி, லிட்டில் டர்ட்டில், ப்ளூ ஜாக்கெட் மாதிரி தலைவர்களோட. அது அவங்க ஊரு, அவங்க நிலம், அத விட்டுக் கொடுக்க மாட்டோம்னு நின்னாங்க. இத மறந்துட்டு வெயின் கடிதத்தப் படிக்கவே கூடாது.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் 1792ல வெயின போட்டாங்க. ராணுவத்துக்கே "லீஜியன்"னு பேர் மாத்தி, நாலு சப்-லீஜியனா பிரிச்சாங்க, கணக்குல ஒவ்வொண்ணுக்கும் 1,280 பேர், மொத்தம் 5,120. கணக்குலன்னு சொல்றேன், நிஜத்துல அந்த எண்ணிக்கை சேரவே இல்ல, வெயினோட கடிதங்கள்ல பெரிய புலம்பலே அதுதான்.

செயலாளர்கள் வரிசையையும் ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கோங்க: நாக்ஸ் 1794 கடைசி வரைக்கும், 1795ல டிமதி பிக்கரிங், 1796ல இருந்து 1800 வரைக்கும் ஜேம்ஸ் மெக்ஹென்றி. "சார்"னு மொட்டையா ஆரம்பிக்கிற கடிதம் யாருக்குன்னு தேதிய வச்சே சொல்லிடலாம், ஆனா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

படி 2: பேப்பர் எங்க இருக்கு

1800 நவம்பர் 8ல வாஷிங்டன்ல யுத்தத் துறை ஆபீஸ் தீப்பிடிச்சு எரிஞ்சது. தலைநகரம் பிலடெல்பியாவுல இருந்து மாறி வந்து கொஞ்ச மாசந்தான் ஆகியிருந்தது, பெட்டி பெட்டியா கொண்டு வந்த கடிதங்கள் போச்சு. அதாவது வெயின் அனுப்பி, நாக்ஸ் கையில வாங்கி, ஆபீஸ்ல வச்சிருந்த ஃபைல் பெரும்பாலும் சாம்பல். நிறைய பேர் இத்தோட தேடுறத நிறுத்திடுவாங்க. நிறுத்தாதீங்க. ஒரு கடிதம்னா ஒரே ஒரு தாள் கிடையாது. அனுப்புனவர் தன்கிட்ட ஒரு நகல் வச்சிருப்பார், லெட்டர் புக்ல, அதாவது கடிதங்கள நகலெடுத்து வைக்கிற நோட்டுல, ஒண்ணு ஏறியிருக்கும், ஜனாதிபதிக்கு ஒரு நகல் போயிருக்கும், காங்கிரஸுக்கு ஒண்ணு போயிருக்கும், வழில தொலைஞ்சிடுமோன்னு ரெண்டாவது பிரதி வேற ஆள்கிட்ட கொடுத்து அனுப்பியிருப்பாங்க. தீல போனது ஒரு பிரதிதான்.

சிதறிக் கிடந்த இந்த நகல்கள எல்லாம் நூத்துக்கணக்கான நூலகங்கள், காப்பகங்கள்ல தேடிப் பிடிச்சு ஒண்ணா போட்ட தளம் "பேப்பர்ஸ் ஆஃப் தி வார் டிபார்ட்மென்ட், 1784 முதல் 1800". வெர்ஜினியாவுல ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டி நடத்துறது, 40,000க்கும் மேல ஆவணம் இருக்கு, அக்கவுண்ட் போட்டா நீங்களே உக்காந்து படியெடுத்தும் கொடுக்கலாம். என் கணக்குல ஆரம்பிக்க இதவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது "ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்", அமெரிக்க தேசியக் காப்பகத்தோடது. வாஷிங்டன், ஹாமில்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ் கடிதங்கள் டைப் அடிச்சு குறிப்போட கிடைக்கும். நாக்ஸ் தனக்கு வந்த முக்கியமான கடிதங்கள வாஷிங்டனுக்கு காட்டிடுவார், அதனால வெயின் விஷயம் இங்கயும் வந்து விழும். மூணாவது "அமெரிக்கன் ஸ்டேட் பேப்பர்ஸ்", காங்கிரஸ் முன்னாடி வச்ச பேப்பர்கள 19ம் நூற்றாண்டுல அச்சடிச்ச பெரிய தொகுப்பு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசம். அதுல பூர்வகுடி விவகாரத்துக்கான முதல் தொகுதில வெயினோட 1794 கடிதங்கள் இருக்கு. அச்சுல கமா, பெரிய எழுத்தெல்லாம் திருத்தியிருப்பாங்க, அதனால கையெழுத்துப் பிரதி கிடைச்சா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

நேர்ல போக வாய்ப்பு இருக்குறவங்களுக்கு: வெயின் பேப்பர்களோட பெரிய கட்டு பிலடெல்பியாவுல பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்துல இருக்கு, ஹார்மரோடது மிச்சிகன் யுனிவர்சிட்டி கிளமென்ட்ஸ் லைப்ரரில.

1801க்கு மேல தேடுறவங்களுக்கு வேலை சுலபம், செயலாளருக்கு வந்த கடிதங்கள் எழுதுனவரோட பேர் முதலெழுத்து, பதிவு நம்பர்னு அடுக்கியே வச்சிருக்காங்க, தேசியக் காப்பகத்துல மைக்ரோஃபிலிமா இருக்கு.

படி 3: கடிதத்தத் தேர்ந்தெடுக்காதீங்க, சங்கிலியத் தேர்ந்தெடுங்க

ஒரு நோட்டுல நாலு பத்தி கோடு போடுங்க. சம்பவம் நடந்த தேதி, கடிதம் எழுதுன தேதி, போய்ச் சேந்த தேதி, பதில் எழுதுன தேதி. இவ்வளவுதான் கருவி, ஆனா இதுதான் எல்லாமே.

செயின்ட் கிளேர் விஷயத்துல இத வச்சுப் பாருங்க. சம்பவம் நவம்பர் 4. ஃபோர்ட் வாஷிங்டன் வந்து சேந்து, அதாவது இன்னிக்கு சின்சினாட்டி இருக்குற இடம், அவர் நாக்ஸுக்கு எழுதுனது நவம்பர் 9. வாஷிங்டன் காங்கிரஸுக்கு விஷயத்தச் சொன்னது டிசம்பர் 12. நடந்ததுக்கும் காங்கிரஸுக்குச் சொன்னதுக்கும் நடுவுல 38 நாள். சேதி வந்து சேர்ற வரைக்கும் பிலடெல்பியாவுல இருந்தவங்க ராணுவம் முழுசா இருக்குன்னு நினைச்சுத்தான் அத்தன உத்தரவும் எழுதியிருப்பாங்க.

அடுத்து வெயின். 1794 ஆகஸ்ட் 20ல ஃபாலன் டிம்பர்ஸ்ல சண்ட முடிஞ்சது. ஆகஸ்ட் 28ல கிராண்ட் கிளேஸ்ல உக்காந்து நாக்ஸுக்கு முழு ரிப்போர்ட் எழுதுறார். இங்கதான் நான் மேல சொன்ன சிக்கல் வருது. அன்னிக்கு நாக்ஸ் ஆபீஸ்லயே இல்ல. ஆகஸ்ட் 8லயே கிளம்பி தன்னோட நில விவகாரம் பாக்க மெய்ன் பக்கம் போயிட்டார், அக்டோபர் ஆரம்பத்துலதான் திரும்பினார். அதுவரைக்கும் யுத்தத் துறையையும் சேத்துப் பாத்துக்கிட்டது கருவூலச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அதே சமயத்துல மேற்கு பென்சில்வேனியாவுல விஸ்கி வரிக்கு எதிரா கலகம், அதுல வேற தலை போற வேலை. வெயினுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்ல, அவர் நாக்ஸ் முகத்த மனசுல வச்சு எழுதுறார்.

படி 4: எழுத்தப் படிக்கிறதுக்கு முன்னாடி தாளப் படிங்க

ஸ்கேன்ல கடைசிப் பக்கத்த முதல்ல திறங்க. அந்தக் காலத்துல கவர் கிடையாது, தபால் கட்டணத்துல தாள் எண்ணிக்கைக்கும் காசு, கவர் போட்டா அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால ஒரு பெரிய தாள ரெண்டா மடிச்சு நாலு பக்கமாக்கி, மூணு பக்கத்துல எழுதி, நாலாவது பக்கத்த வெளில வர்ற மாதிரி மடிச்சு, அரக்கோ மாவு வில்லையோ வச்சு ஒட்டி, அந்த வெளிப்பக்கத்துலயே விலாசம் எழுதிடுவாங்க. பிரிக்கும்போது அரக்கு இருந்த இடத்துல தாள் கிழிஞ்சு வரும், அந்த ஓட்டைல ஒண்ணு ரெண்டு வார்த்தை போயிருக்கும், அது ஸ்கேன் கோளாறுன்னு நினைக்காதீங்க.

அதே வெளிப்பக்கத்துல வேற கையெழுத்துல, வேற திசைல, ரெண்டு மூணு வரி இருக்கும். யார்கிட்ட இருந்து, எந்தத் தேதி, எப்போ வந்தது, என்ன விஷயம். இதுக்கு டாக்கெட்னு பேரு, ஆபீஸ்ல கடிதத்த மடிச்சு அடுக்குற கிளார்க் எழுதுனது. உங்க நோட்டுல மூணாவது பத்தி இங்க இருந்துதான் நிரம்பும். விலாசம் பக்கத்துல "பப்ளிக் சர்வீஸ்"னோ "ஃப்ரீ"ன்னோ எழுதியிருந்தா அரசாங்கத் தபால்னு அர்த்தம், 1792 தபால் சட்டப்படி யுத்தச் செயலாளருக்குப் போற, அவர்கிட்ட இருந்து வர்ற கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது.

விலாசமும் இல்ல, மடிப்புத் தடமும் இல்ல, அடிச்சுத் திருத்துனது நிறைய இருக்குன்னா உங்க கையில இருக்குறது அனுப்புன கடிதம் இல்ல, டிராஃப்ட். இந்த டிராஃப்ட் கிடைச்சா விடாதீங்க, அடிச்ச வார்த்தையையும் படிங்க. முதல்ல கோவமா ஒரு வார்த்தை போட்டு, அத அடிச்சுட்டு மரியாதையா ஒண்ண மாத்தி எழுதியிருப்பாங்க பாருங்க, அங்கதான் அந்த மனுஷன் தெரிவான்.

படி 5: கையெழுத்து

பயப்படாதீங்க, ஒரே ஆளோட பத்துக் கடிதம் படிச்சா கண்ணு பழகிடும். மசி இரும்பு உப்பும் ஓக் மரத்து மாசிக்காயும் கலந்து செஞ்சது, எழுதும்போது வெளிறி இருக்கும், சீக்கிரமே கருப்பாகும், காலம் போகப் போக பழுப்பு. படம் மங்கலா இருந்தா போன்ல கான்ட்ராஸ்ட் ஏத்தி, கலர எடுத்துட்டு கருப்பு வெள்ளையா பாருங்க, பாதி பிரச்சினை அங்கயே தீரும்.

ரெண்டு 'எஸ்' சேந்து வந்தா முதல் எஸ் நீளமா, பாக்குறதுக்கு 'எஃப்' மாதிரி இருக்கும், "காங்கிரஸ்"ன்ற வார்த்தைல இது நிறைய வரும். பதவி, பேர் எல்லாம் சுருக்கி கடைசி எழுத்த மட்டும் மேல தூக்கிக் குட்டியா போட்டிருப்பாங்க: ஜெனரல், மேஜர், ரிசீவ்ட், சர்வன்ட், எல்லாமே இப்படித்தான். பட்டியல்ல 'டிட்டோ'வ ரெண்டே எழுத்துல போடுவாங்க. ஸ்பெல்லிங் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே கடிதத்துலயே ஒரே ஊர் பேர ரெண்டு விதமா எழுதியிருப்பார், திருத்தாதீங்க.

ஒரு வார்த்தை புரியலன்னா அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம். அதே மாதிரி எழுத்து வேற எந்த வார்த்தைல தெளிவா வந்திருக்குன்னு தேடி அதோட ஒட்டிப் பாருங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல அதே காலத்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளப் புரட்டிப் பழகுனவங்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம், கடலுக்கு இந்தப் பக்கமும் அதே இங்கிலீஷ் கைதான், அதே கடித மரியாதைதான்.

படி 6: தேதி வார்த்தை, ஊர் பேர், காசு

"இன்ஸ்டன்ட்"னா இந்த மாசம். "அல்டிமோ"ன்னா போன மாசம். "ப்ராக்ஸிமோ"ன்னா வர்ற மாசம். "உங்க 7ம் தேதி அல்டிமோ கடிதம் கிடைச்சது"ன்னு செப்டம்பர்ல எழுதியிருந்தா அது ஆகஸ்ட் 7. இத உடனே நோட்டுல ஏத்திடுங்க, பதில் எந்தக் கடிதத்துக்குன்னு இதுதான் கண்ணி போட்டுக் காட்டும்.

ஊர் பேர்ல எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு, மயாமி. ஃப்ளோரிடா மயாமி இல்ல. ஓஹையோ ஆத்துல போய் கலக்குற கிரேட் மயாமின்னு ஒரு ஆறு இருக்கு. ஈரின்ற (Erie) பெரிய ஏரில போய் விழுற இன்னொரு ஆத்த "ஏரிப் பக்கத்து மயாமி"ன்னு எழுதுவாங்க, இன்னிக்கு அதுக்கு மௌமீன்னு பேர். ஃபாலன் டிம்பர்ஸ் சண்ட நடந்தது மௌமீ கரைல. "மயாமி கிராமங்கள்"னா இன்னிக்கு இண்டியானாவுல இருக்குற ஃபோர்ட் வெயின் நகரம். கிராண்ட் கிளேஸ்னா ஓஹையோவுல டிஃபையன்ஸ். கடிதத்து தலைப்புல வர்ற இடத்த வச்சே படை எங்க நகருதுன்னு தொடரலாம்: முதல்ல பிட்ஸ்பர்க், அப்புறம் ஓஹையோ ஆத்தோரம் லீஜியன்வில்ல குளிர்காலம், 1793ல சின்சினாட்டி பக்கத்துல ஹாப்சன்ஸ் சாய்ஸ், அந்த வருஷக் கடைசில கிரீன்வில். செயின்ட் கிளேர் ஆளுங்க செத்த அதே எடத்துல 1793 டிசம்பர்ல கோட்டை கட்டி ஃபோர்ட் ரெகவரின்னு பேர் வச்சாங்க.

காசு விஷயத்துல, பழைய கணக்குகள்ல டாலருக்குப் பக்கத்துல 90ல இத்தனை பங்குன்னு வரும். பென்சில்வேனியா கணக்குல ஒரு டாலர் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 90 பென்ஸ், அதான் காரணம். சென்ட் கணக்கு பிறகு வந்தது. 45ன்னு பாத்துட்டு 45 சென்ட்னு எழுதிடாதீங்க, அது அரை டாலர்.

படி 7: மரியாதை வார்த்தைகள எடை போடுங்க

எல்லாக் கடிதமும் "உங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள, பணிவான சேவகனாக இருக்கும் பெருமை எனக்கு"ன்ற மாதிரிதான் முடியும். இத வச்சு யாரு யாருக்குப் பணிஞ்சாங்கன்னு முடிவு பண்ண முடியாது. இதுக்கு நான் படிச்சதுலயே சிறந்த உதாரணம் 1794 ஆகஸ்ட் 21, 22ல வெயினுக்கும் பிரிட்டிஷ் மேஜர் வில்லியம் கேம்பெலுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, அத மெதுவா பாக்கலாம்.

இடம் மௌமீ ஆத்தங்கரை. முந்தின நாள் காலைல சண்ட முடிஞ்சது. தோத்துப் பின்வாங்குன பூர்வகுடி வீரர்கள் பக்கத்துல இருந்த பிரிட்டிஷ் கோட்டை ஃபோர்ட் மயாமிஸுக்கு ஓடுனாங்க, கோட்டைக் கதவு அவங்களுக்குத் திறக்கல. கூட்டாளின்னு நம்புனவங்க முகத்துல கதவச் சாத்துன அந்த நிமிஷந்தான் அவங்களுக்கு சண்டைல தோத்ததவிட பெரிய அடி. இப்போ வெயினோட படை அந்தக் கோட்டை பீரங்கிக்கு எட்டுற தூரத்துல நிக்குது. உள்ள இருக்குற கேம்பெல் ஒரு கடிதம் கொடுத்தனுப்புறார்: அமெரிக்கப் படை ஒண்ணு, உங்க தலைமைலன்னு சொல்றாங்க, 24 மணி நேரத்துக்கு மேல என் கோட்டைக்கு இவ்வளவு கிட்ட நிக்குது, இது பிரிட்டிஷ் மன்னரோட கோட்டை, நீங்க இவ்வளவு பக்கத்துல வர்றத நான் எப்படி எடுத்துக்கணும்?

"உங்க தலைமைலன்னு சொல்றாங்க", அந்த ஒரு துண்ட கவனிங்க. உன்ன நான் அங்கீகரிக்கலன்னு நேரா சொல்லாம சொல்றார்.

வெயின் அன்னிக்கே பதில் எழுதுறார். நீங்க கேக்குறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கா, அது முறையான்னெல்லாம் நான் கேக்கல, ஆனா பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்குன்னா, அந்தப் பதில் நேத்து காலைலயே என் ஆளுங்க துப்பாக்கி வாயிலிருந்து உங்களுக்குக் கேட்டிருக்கும், இதுதான் சாரம். அடுத்த நாள் கேம்பெல், பிரிட்டிஷ் கொடிக்கு நீங்க பண்ண அவமானத்த பொறுத்துக்கிட்டேன், இனியும் கைத்துப்பாக்கி தூரத்துக்குள்ள ஆயுதத்தோட வந்தீங்கன்னா பொறுக்க மாட்டேன்றார். வெயின் திரும்ப, இந்த நிலம் அமெரிக்காவோடது, 1783 சமாதானத்தப்போ உங்க படை இருந்த இடத்துக்கே திரும்பிப் போங்கன்றார். கேம்பெல், மேலிடத்து உத்தரவு இல்லாம ஒரு அடி நகர மாட்டேன்றார். ரெண்டு பேரும் கீழ போட்ட கையெழுத்து வாசகம் என்ன தெரியுமா, மிகுந்த மரியாதையோட, உங்கள் பணிவான சேவகன்.

இதோட நிறுத்துனா ரெண்டு வீராப்பு மனுஷங்க முறைச்சுக்கிட்டாங்கன்னுதான் தோணும். இப்போ நோட்டத் திறந்து பின்னாடி போங்க. ஜூன் 7ல நாக்ஸ் வெயினுக்கு எழுதுன கடிதம் ஒண்ணு இருக்கு. தேவைப்பட்டா அந்தக் கோட்டைல இருக்குறவங்கள வெளியேத்த ஜனாதிபதி பேர்லயே அனுமதி தர்றோம், ஆனா முழு வெற்றி கிடைக்கும்னு தெரிஞ்சா மட்டும் பண்ணுங்க, முயற்சி பண்ணித் தோத்தா விளைவு மோசமா இருக்கும். அதாவது வெயின் சட்டப்பைல அனுமதி இருந்தது. அதே நேரத்துல லண்டன்ல அமெரிக்கத் தூதர் ஜான் ஜே சமாதானம் பேசிக்கிட்டு இருந்தார், அந்த ஒப்பந்தம் நவம்பர் 19லதான் கையெழுத்தாச்சு. கோட்டைய உடைக்குற பெரிய பீரங்கி வெயின்கிட்ட இல்ல. ஒரு குண்டு வெடிச்சிருந்தா ரெண்டு நாட்டுக்கும் போர். இவ்வளவையும் வச்சுப் பாத்தா அந்தக் காரமான கடிதம் சுட முடியாத ஒரு தளபதி கையில இருந்த ஒரே ஆயுதம்னு புரியும். சுத்தி இருந்த பயிரையும் குடிசையையும் எரிச்சுட்டுத் திரும்பிப் போனார். அந்தச் சோளக்காடு ஆத்தோரத்துக் குடும்பங்களோட ஒரு வருஷச் சாப்பாடு, இதையும் கடிதத்துல ஒரே வரில கடந்து போயிடுவாங்க, நீங்க கடந்து போகாதீங்க.

படி 8: வெற்றி ரிப்போர்ட்ட சந்தேகத்தோட படிங்க

ஆகஸ்ட் 28 கடிதத்துல எதிரிகள் 2,000 பேர்னு வெயின் எழுதுறார், தன் பக்கம் நிஜமா சண்ட போட்டது 900க்கும் கம்மின்றார். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் அந்த 2,000த்த ஒத்துக்கல, அன்னிக்குக் களத்துல இருந்தது அதவிட ரொம்பக் கம்மி. பொய் சொன்னார்னு உடனே தீர்ப்பு எழுதவும் வேண்டாம், காட்டுக்குள்ள விழுந்து கிடந்த மரங்களுக்குப் பின்னாடி இருந்து சுடுறவன யாரால எண்ண முடியும், பிடிபட்டவங்க சொன்னத வச்சு எழுதியிருக்கலாம், கூட்டி எழுதுனா புகழும் கூடும், ரெண்டும் இருந்திருக்கும். அவர் தரப்பு இழப்ப 33 பேர் செத்தது, 100 பேர் காயம்னு கொடுக்குறார், அந்தக் கணக்கு தனியா பட்டியலா இணைச்சது, அதனால அதுக்கு எடை அதிகம். எதிரியோட எண்ணிக்கை ஊகம், தன் ஆளோட எண்ணிக்கை பதிவேடு, இந்த வித்தியாசத்த எந்த ராணுவக் கடிதத்துலயும் பாருங்க.

பேர் வரிசையையும் பாருங்க. கூடவே இருந்த உதவியாளர்கள "விசுவாசமான வீரர்கள்"னு புகழ்றார், அதுல ஒருத்தர் லெப்டினன்ட் வில்லியம் ஹென்றி ஹாரிசன், 1841ல ஜனாதிபதி ஆனவர். ரெண்டாவது இடத்துல இருந்த பிரிகேடியர் ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சனுக்கு முறைப்படி ஒரு பாராட்டு, அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கடிதம் செயலாளர் ஒருத்தருக்கு மட்டும் போறதில்ல, காங்கிரஸ் படிக்கும், பேப்பர்ல வரும். செயின்ட் கிளேர் தோல்விய விசாரிச்ச பிரதிநிதிகள் சபைக் குழு 1792ல யுத்தத் துறை பேப்பர்களக் கேட்டப்போ, கொடுக்கலாமா வேண்டாமான்னு வாஷிங்டன் தன் மந்திரிகளக் கூட்டிப் பேசித்தான் கொடுத்தார். அதுக்கப்புறம் எழுதுன ஒவ்வொரு அதிகாரிக்கும் தெரியும், இது நாளைக்கு விசாரணை மேசைக்கு வரலாம்னு.

படி 9: இணைப்பத் தேடுங்க

நிறைய பேர் கடிதத்தப் படிச்சுட்டு இணைப்ப விட்டுடுவாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். "இத்துடன் ரிட்டர்ன் இணைச்சிருக்கேன்"னு ஒரு வரி வரும். ரிட்டர்ன்னா பட்டியல்: எத்தன பேர் வேலைக்குத் தகுதி, எத்தன பேர் படுக்கைல, எத்தன பேர் ஓடிப் போயிட்டான், எத்தன துப்பாக்கி சரியில்ல. ஜெனரல் கடிதத்துல "படை நல்ல நிலைமைல இருக்கு"ன்னு எழுதியிருப்பார், பட்டியல்ல நோயாளி எண்ணிக்கை வேற கதை சொல்லும்.

1790 சட்டப்படி ஒரு சிப்பாய்க்கு மாசம் 3 டாலர், அதுலயும் துணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிடிச்சது போக 2. ஒரு நாள் ரேஷன் ஒரு பவுண்டு மாட்டிறைச்சி இல்லாட்டி முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டியோ மாவோ, அரை கில் (சுமார் 60 மில்லி) சாராயம், அதோட நூறு ரேஷனுக்கு ஒரு குவார்ட் உப்பு, ரெண்டு குவார்ட் வினிகர், ரெண்டு பவுண்டு சோப்பு, ஒரு பவுண்டு மெழுகுவத்தி. இத சப்ளை பண்றது தனியார் கான்ட்ராக்டர். வெயினோட கடிதங்கள்ல கான்ட்ராக்டர் மேல வர்ற கோவத்த இந்தக் கணக்க வச்சுப் படிச்சாதான் புரியும்: மாவு ஒரு வாரம் லேட்டானா படையே நிக்கும்.

படி 10: அரசாங்கக் கடிதத்துக்குப் பக்கத்துல ஓடுன ரகசியக் கடிதம்

தலைப்புல "பிரைவேட்"னு இருந்தா ஃபைல்ல ஏறக் கூடாதுன்னு அனுப்புனது. வில்கின்சன் தன் மேலதிகாரி வெயின் மேலயே 1794 நடுவுல நாக்ஸுக்குப் புகார் எழுதினார். நாக்ஸ் உடனே வெயினுக்குச் சொல்லல, வருஷக் கடைசிலதான் நகல அனுப்பினார். அப்போ ஆகஸ்ட் 28 கடிதத்துல வெயின் வில்கின்சனப் பாராட்டும்போது அந்தப் புகார் பத்தி அவருக்குத் தெரியாது. இதே வில்கின்சன் ஸ்பெயின் அரசுகிட்ட ரகசியமா காசு வாங்கிக்கிட்டு இருந்தவர், "ஏஜென்ட் 13"னு அவருக்குப் பேர், அவர் காலத்துல சந்தேகம் இருந்தும் நிரூபிக்க முடியல, ஸ்பானிஷ் காப்பகங்கள் திறந்த பிறகுதான் உறுதியாச்சு. 1796 டிசம்பர் 15ல பிரெஸ்க் ஐல்ல வெயின் செத்ததும் ராணுவத்துக்குத் தலைமை இந்த ஆளுக்குத்தான் போச்சு.

படி 11: இந்தத் தாள்ல இல்லாதவங்க

லிட்டில் டர்ட்டிலோ ப்ளூ ஜாக்கெட்டோ பேசுனது நமக்குக் கிடைக்கிறது மொழிபெயர்ப்பாளர் வாய் வழியா, அதுவும் அமெரிக்க கிளார்க் எழுதுன அளவுக்கு. 1795 கிரீன்வில் பேச்சுவார்த்தைல பேசுன மொழிபெயர்ப்பாளர்கள்ல முக்கியமான ஒருத்தர் வில்லியம் வெல்ஸ், சின்ன வயசுல மயாமி மக்கள்கிட்ட பிடிபட்டு அங்கயே வளந்து லிட்டில் டர்ட்டிலோட மருமகனானவர். ஆகஸ்ட் 3ல கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துல இன்னிக்கு ஓஹையோன்னு சொல்ற மாநிலத்தோட பெரும்பகுதி கைமாறுச்சு. கடிதங்கள்ல அந்த மக்களுக்குப் போட்டிருக்குற இழிவான வார்த்தைகள படியெடுக்கும்போது மாத்தாதீங்க, மறைக்காதீங்க, ஆனா உங்க சொந்த விளக்கத்துல எந்த இனம், எந்தத் தலைவர்னு பேர் சொல்லி எழுதுங்க.

படி 12: படியெடுத்து வைங்க

வரிக்கு வரி, அவர் எழுதுன ஸ்பெல்லிங்லயே. படிக்க முடியாத வார்த்தைக்கு சதுர அடைப்புக்குறிக்குள்ள கேள்விக்குறி, தாள் கிழிஞ்ச இடத்துல கிழிசல்னு குறிப்பு. ஊகிச்சு நிரப்பாதீங்க, நிரப்பியே ஆகணும்னா ஊகம்னு எழுதிடுங்க. மேல நாலு விஷயம் கட்டாயம்: டிராஃப்டா, அனுப்புனதா, லெட்டர் புக் நகலா, அச்சா, எந்தக் காப்பகம், எத்தன பக்கம், டாக்கெட்ல என்ன இருக்கு. பதவி தேதி சந்தேகம் வந்தா 1903ல வந்த ஹெய்ட்மேனோட ராணுவ அதிகாரிகள் பதிவேட்டப் பாருங்க, எந்த நாள்ல கேப்டன், எந்த நாள்ல மேஜர்னு ஆள் வாரியா இருக்கு.

பழகுறதுக்கு அந்த ஆகஸ்ட் 28 கடிதத்தையே எடுங்க, நாலு பத்தில ரெண்டு நான் நிரப்பித் தர்றேன். சம்பவம்: 1794 ஆகஸ்ட் 20. எழுதுனது: ஆகஸ்ட் 28, கிராண்ட் கிளேஸ். விலாசம் நாக்ஸுக்கு, ஆபீஸ்ல இருந்தது ஹாமில்டன். போய்ச் சேந்த தேதியையும், பதில் யாரு கையெழுத்துல எந்த நாள் கிளம்புச்சுன்றதையும் மேல சொன்ன தளங்கள்ல நீங்களே தேடி எழுதுங்க, எழுதி முடிச்ச பிறகு அடுத்த கடிதத்தத் திறங்க.